அக்காவுக்கு, அந்த இரண்டு கிலோ பற்றி

அக்கா,

திங்கட்கிழமை கொழும்பில் வேலைக்குச் சேர்கிறேன். எந்தக் கம்பனி என்று யாரோ உன்னிடம் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் மூன்று நாளாக நீ போனை எடுக்கவில்லை. பெயரை இங்கே எழுதமாட்டேன், நம் லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் படிப்பார்கள். உனக்கும் உன் மகன்தான் வாசித்துக் காட்டுவான். (டேய், எதையும் விடாமல் வாசி.)

அம்மா போனது, நீ ஓ.எல். பரீட்சை எழுதாமல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கப் பேர் பதிந்தது, இதெல்லாம் நீ அறியாததா? உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

2019. இந்தியாவில் எம்.பி.ஏ. முதல் வருஷம். படிபடியாக இறங்கும் அரைவட்ட வகுப்பு, ஒவ்வொருவர் முன்னாலும் பெயர் அட்டை. அங்கே ஒப்பிக்கிற படிப்பு இல்லை. ஒரு கம்பனியின் கதையை 'கேஸ்' என்று கொடுப்பார்கள். ராத்திரியே வாசித்து வந்து, முதலாளி இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய் என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். வாய் திறந்தால்தான் மார்க். நான் அதுவரை திறக்கவில்லை, இங்கிலீஷ் பயம். "ஸ்ரீலங்காவா? அப்போ யாழ்ப்பாணமா?" என்பதற்கு மேல் என்னிடம் யாரும் எதுவும் கேட்டதும் இல்லை.

அன்றைக்குக் கேஸ் ஒரு தேயிலைக் கம்பனி. செலவில் பெரும்பங்கு கூலி, எங்கே குறைப்பது? அந்த வகுப்பில் கொழுந்து எடுப்பதைக் கண்ணால் கண்டவள் நான் ஒருத்திதான். கையைத் தூக்கினேன். "கூலியைத் தொட வேண்டாம். ஒரு நாள் கூலிக்கு எடுக்க வேண்டிய 18 கிலோவை 20 ஆக்கினால் போதும்" என்றேன். பேராசிரியர் அதைப் பலகையில் எழுதி இரண்டு தடவை கோடு போட்டார். எடுப்பவர்களால் முடியுமா என்று பின்வரிசைப் பையன் ஒருவன் கேட்டான்.

"பழகிக்கொள்வார்கள்" என்றேன்.

அப்போது உன் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 700 ரூபா. சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்தது போகத் தராசில் 17 நின்றால் அரைப்பேர், பாதிச் சம்பளம். 350. இடுப்பில் கட்டிய படங்கு நனைந்து முழங்காலில் ஒட்ட, விரல் வெடிப்பில் கறை ஏறி, நீ அந்தத் தராசையே பார்த்துக்கொண்டு நிற்பாய். எல்லாம் தெரிந்தேதான் சொன்னேன் அக்கா. அன்றைக்கு ராத்திரி மெஸ்ஸில் முதல் தடவையாக நாலு பேர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது.

2021இல் 1000 ரூபா வந்ததும் நம் தோட்டத்தில் 20 கேட்டார்கள். என் பேச்சைக் கேட்டு யாரும் கூட்டவில்லை, அது தெரியும். ஆனாலும் நீ "இனி இருபதாம் பாப்பா" என்று சொன்ன அன்றைக்கு, சிக்னல் இல்லை என்று போனை வைத்தேனே, சிக்னல் நன்றாகவே இருந்தது.

மன்னித்துக்கொள். ஆனால் மாரியம்மன் திருவிழாவில் மைக் பிடித்தவர் வரைக்கும் "அக்கா கூலியில் படித்த பிள்ளை" என்று சொன்னபோது, புலமைப்பரிசிலில் போனவள் என்று ஒரு வார்த்தை சொன்னாயா? நீ பள்ளிக்கூடத்தை விட வேண்டும் என்று நான் கேட்டேனா? எனக்கு அப்போது ஏழு வயசு.

சரி, விடு. நீ பொட்டலம் கட்டித் தந்த தேயிலைத் தூளை விடுதியில் ஒருத்திக்கும் பங்கு கொடுக்கவில்லை, தெரியுமா?

புது வேலை என்ன என்பதை இங்கே விரிக்க முடியாது. கணக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹட்டனில் இறங்குவேன், ராத்திரி பஸ்ஸில் திரும்ப வேண்டும். திட்டுவதானால் நேரில் திட்டு. அதற்கு முன்னால் இதை மட்டும் சொல்லு: 18 நிறைந்த பிறகு அந்த இரண்டு கிலோவுக்கு உனக்கு எவ்வளவு நேரம் ஆகிறது?