எத்தனை கனஅடி என்று மட்டும் சொல்லாதீர்கள், எந்தத் தெரு என்றும் சொல்லுங்கள்

அடையாற்றையும் அதன் கரையோர ஊர்களையும் கவனிக்கும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு, அனகாபுத்தூரிலிருந்து வணக்கம்.

எங்கள் தெருமுனையில் ஒரு பொதுக் கட்டடத்தின் மதிலில் நீலப் பெயின்டில் ஒரு கோடு இருந்தது. அதன் கீழே 2.12.2015 என்று தேதி. வெள்ளம் வடிந்ததும், சுவரில் சேற்றுக்கறை காய்வதற்குள் தெருப் பையன்கள் போட்ட கோடு அது. ஓர் ஆள் பக்கத்தில் நின்றால் தோள் உயரத்துக்கு வரும். போன மாதம் அந்த மதிலுக்குப் புது வண்ணம் பூசி மயிலும் தாமரையும் வரைந்தார்கள். கோடு போய்விட்டது.

யார் சொல்லிப் பூசினார்கள், யாருக்கு ஒப்பந்தம் என்று விசாரிப்பதற்காக இதை எழுதவில்லை. ஒரு வெள்ளத்தின் மட்டத்தை ஊர்ப் பையன்கள்தான் குறித்து வைக்க வேண்டும் என்ற நிலை ஏன் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். என் கோரிக்கை ஒன்றுதான். எங்கள் ஆற்றோரத் தெருக்களில் 2015 வெள்ள மட்டத்தை அழியாதபடி நீங்களே குறித்து வையுங்கள். அடுத்த முறை எச்சரிக்கை விடும்போது, தண்ணீர் எந்தத் தெருவில் எதுவரை வரும் என்று சொல்லுங்கள்.

ஆற்றின் போக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் தண்ணீர் முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக ஒரு பக்கம் வருகிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் குன்றத்தூர், திருமுடிவாக்கம் வழியாக வந்து திருநீர்மலை அருகே அதனுடன் சேர்கிறது. இரண்டும் கூடிய பிறகு வரும் ஊர் எங்களுடையது. ஏரியின் ஷட்டர் மூடியிருக்கும் நாளிலும் மேலிருந்து வரும் மழைநீருக்கு நாங்கள் தப்ப முடியாது. இது இன்று நேற்று வந்த நிலைமையும் இல்லை. திருமங்கையாழ்வார் வந்தபோது நீர்மலையைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்திருந்தது, அது வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்து பெருமாளைச் சேவித்தார் என்று தலபுராணம் சொல்கிறது. பக்தர்கள் அதைப் பக்தியாகக் கேட்கலாம். நான் அதை எங்கள் ஊரின் முதல் வெள்ளக் குறிப்பாகவும் படிக்கிறேன்.

கிழக்கே பல்லாவரத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பழைய கற்காலக் கற்கோடரியைக் கண்டெடுத்தார். எதிர்க்கரையில் சேக்கிழார் பிறந்த குன்றத்தூர். மேலே மணிமங்கலத்தில்தான் 7-ஆம் நூற்றாண்டில் பல்லவர்கள் புலிகேசியின் படையை முறியடித்தார்கள். இத்தனை காலமாக மனிதர்கள் வாழ்ந்துவரும் ஆற்றுப் பகுதி இது. இங்கே தண்ணீர் எதுவரை ஏறும் என்பதற்கு ஊருக்குள் ஓர் அடையாளம்கூட இல்லை என்பது எவ்வளவு பெரிய குறை!

செம்பரம்பாக்கம் திறக்கும்போது வரும் அறிவிப்பை எல்லோரும் மனப்பாடமாகவே சொல்வோம். சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், திருநீர்மலை என்று பெயர்கள் வரும். அப்புறம் “அடையாற்றின் இருபுறமும் தாழ்வான பகுதிகளில் வசிக்கும் மக்கள்” என்று முடிந்துவிடும். அந்த ‘இருபுறமும்’ என்பதற்குள்தான் நாங்கள் இருக்கிறோம். எது தாழ்வான பகுதி? பம்மல் பக்கத்திலிருந்து ஆற்றை நோக்கிச் சரிந்து வரும் ஊரில் ஒவ்வொருவரும் தனக்குக் கீழே இருக்கும் தெருவைத்தான் தாழ்வு என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு கனஅடி என்றால் நொடிக்கு 28 லிட்டர் சொச்சம் என்று பிள்ளைகள் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார்கள். ஆனால் 5,000 கனஅடி வந்தால் எங்கள் வாசற்படி நனையுமா என்பதை எந்தப் பிள்ளையாலும் சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் நீங்கள்தான்.

இதனால் வரும் கஷ்டம் என்ன என்று ஒரே ஒரு வீட்டைக் காட்டுகிறேன். இது நெசவாளர் ஊர். நைஜீரியாவுக்குக் கப்பலேறிய மெட்ராஸ் கைக்குட்டைத் துணி இங்கேயும் நெய்யப்பட்டது. இன்று மிச்சமிருக்கும் தறிகளில் வாழைநார் கலந்த புடவைகூட நெய்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டு ஆயாவுக்குக் குழித்தறி. தரையில் பள்ளம் தோண்டி, அதற்குள் காலை விட்டு மிதித்து நெய்வது. வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் முதலில் நிறைவது அந்தக் குழிதான். 2015-ல் ஆயா, நெய்வதற்காக நீளவாட்டில் ஏற்றியிருந்த நூலான பாவைத் தறியிலேயே விட்டுவிட்டு மாடிக்கு ஓடினார். திரும்பி வந்தபோது சாயம் ஒன்றோடொன்று ஊறிக் கலந்து, நூலெல்லாம் சேற்றோடு ஒட்டிக் கிடந்தது. குழியிலிருந்த சேற்றை மட்டும் வாளி வாளியாக அள்ளினோம்.

2020 நவம்பர் 25, நிவர் புயல். ஏரியை நண்பகலில் 1,000 கனஅடியில் திறந்தார்கள். இரவுக்குள் அது 9,000 ஆனது. தொலைக்காட்சியில் எண் ஏற ஏற ஆயா தறிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். பாவை அறுத்துச் சுருட்டிப் பரண்மேல் போட்டால் நூல் பிழைக்கும். ஆனால் மறுபடி ஏற்றும்போது ஓர் இழை விடாமல் அத்தனையையும் கையால் பிணைக்க வேண்டும். அதுவரை கூலி கிடையாது. அறுக்காமல் விட்டுத் தண்ணீர் வந்துவிட்டால் எல்லாமே போச்சு. “தண்ணி நம்ம தெருவுக்கு வருமா, வராதாப்பா?” என்று எங்களைக் கேட்டார். பதில் சொல்ல எங்களில் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அறுத்துவிட்டார். அன்றிரவு எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை. வெள்ளமே வராமல் ஒரு நெசவாளி நஷ்டப்பட்டார். ஆயா வாங்க வேண்டியிருந்த கடனுக்குக் காரணம் ஆறு இல்லை. சரியான தகவல் கிடைக்காததுதான் காரணம்.

“தெரு வாரியாகச் சொல்ல முடியாது, மேலிருந்து வரும் வரத்தையும் மழையையும் பொறுத்து மாறும்” என்று நீங்கள் சொல்லக்கூடும். நியாயம்தான். அப்படியானால் ஆற்றுப் பாலத்தின் தூணில் அடிக்கணக்கைப் பெரிதாக எழுதுங்கள். தூணில் இத்தனை அடி ஏறினால் இந்தத் தெருவில் இந்தக் கம்பம்வரை வரும் என்று ஒருமுறை மட்டம் பார்த்துக் குறித்துவிட்டால், மற்றதை நாங்களே படித்துக்கொள்வோம். ஏரிக்கு 24 அடி என்று அளவு வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறீர்கள். அதே கவனத்தைத்தான் தெருவுக்கும் கேட்கிறோம்.

அளக்க ஆளில்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். 2025 மே மாதம் எங்கள் ஊரின் ஆற்றோர வீடுகளை இடித்தபோது ஆற்றின் எல்லை எங்கே முடிகிறது என்று அளந்து காட்ட ஆட்கள் இருந்தார்கள். எந்த வீடு எல்லைக்கு உள்ளே, எந்த வீடு வெளியே என்று சொல்ல வரைபடம் இருந்தது. பல ஆண்டுகளாகக் குடியிருந்த குடும்பங்கள் பெரும்பாக்கம், கீரப்பாக்கம் என்று தூரதேசம் போல எங்கோ போய்ச் சேர்ந்தன. பள்ளிக்கூடம், வேலை எல்லாம் இங்கே இருக்க, இரவில் படுக்க மட்டும் அங்கே. கொஞ்சம் கீழே போனால் அதே ஆற்றுக்கு மேலே பாலம் கட்டி விமான ஓடுபாதை ஓடுகிறது. அதை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொன்னதில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்க விரும்பவில்லை. மக்களை அப்புறப்படுத்தத் தேவைப்பட்ட அளவு இருக்கிறது, மக்களைக் காப்பாற்றத் தேவைப்படும் அளவு இல்லை என்றால் எப்படி ஏற்றுக்கொள்வது?

சரி, சண்டை போட இந்த மடலைத் தொடங்கவில்லை. கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். ஆற்றோரத் தெருக்களின் மின்கம்பங்களிலும் பொதுச் சுவர்களிலும் 2015 வெள்ள மட்டத்தைக் குறித்து வையுங்கள். இனி அதன்மேல் யாரும் வண்ணம் பூசாதபடி உத்தரவிடுங்கள். பாலத்தூணில் அளவு எழுதுங்கள். எச்சரிக்கையில் எங்கள் ஊரின் பெயரையும், தெருக்களின் பெயரையும் சேருங்கள். இதற்குக் கோடிக்கணக்கில் நிதி தேவையில்லை. ஒரு மட்டக்கருவி, இரண்டு மூன்று பணியாளர்கள், சில வாளி பெயின்ட் போதும்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அதற்குள் ஆளனுப்பினால் நல்லது. எந்த நாள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். 2015 வெள்ளத்தின்போது மொட்டைமாடியில் இரவைக் கழித்தவர்கள் எல்லாத் தெருக்களிலும் இருக்கிறார்கள். தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது என்று கூடவே வந்து காட்டுவோம்.

மரியாதையுடன்,
அனகாபுத்தூர் ஆற்றோரத் தெருவாசி ஒருவர்