சீமைக் கருவேலம் மண்டிய ஊர்த் தரிசைத் திருத்தி, பலன் அனுபவிக்கும் உரிமையோடு ஊரிடம் ஒப்படைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஊர்ப் பொதுமக்கள் மற்றும் ஆடு வளர்ப்போர்,
கமுதி வட்டம்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: ஊருக்கு மேற்கே உள்ள அரசுத் தரிசு மற்றும் மேய்க்கால் புறம்போக்கில் சீமைக் கருவேலத்தைத் தூரோடு அகற்றி, மழைநீர் தேக்கி, புல்லும் மரமும் வளர்க்க அனுமதியும், மரங்களின் பலனை அனுபவிப்பதற்கான 2சி பட்டாவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: மே 1 கிராம சபைக் கூட்டத் தீர்மானம்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊருக்கு மேற்கே, கண்மாய்க் கரையை ஒட்டிச் சுமார் 60 ஏக்கர் நிலம் கிடக்கிறது. கிராம நிலக் கணக்கான அ பதிவேட்டில் ஒரு பகுதி தீர்வை (நிலவரி) ஏற்படாத தரிசு, மீதி ஆடுமாடு மேய்ப்பதற்கான மேய்க்கால் புறம்போக்கு. ஏட்டில்தான் இரண்டு, நேரில் போய்ப் பார்த்தால் எல்லாம் ஒரே கருவேலங்காடு. செருப்புப் போட்டுக்கொண்டு போனாலும் முள் அடித்தோலைத் துளைத்துக் காலில் ஏறிவிடும். மேய்க்கால் என்று பெயர் இருக்கிறதே தவிர, ஆடு உள்ளே போனால் தின்பதற்குக் கருவேல நெற்றைத் தவிர வேறொன்றும் கிடையாது.

இந்த நிலத்துக்கு இதற்கு முன்பே இரண்டு தடவை வேலை நடந்திருக்கிறது. அவை ஏன் பலிக்கவில்லை என்று சொல்லாமல் மூன்றாவது தடவை கேட்பது சரியாகாது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை ஒட்டித் தென் மாவட்டங்களில் கருவேலம் அகற்றும் வேலை மும்முரமாக நடந்தது. எங்கள் ஊருக்கும் பொக்லைன் வந்தது. பாதி நிலம் வெட்டவெளியானது. ஆனால் அந்த இடத்தில் பதிலுக்கு ஒரு கைப்பிடி புல்விதைகூட விழவில்லை. கருவேல விதை மண்ணுக்குள் கிடந்தது. நெற்றுத் தின்ற ஆடுகளின் புழுக்கையோடு இன்னும் கொஞ்சம் வந்து சேர்ந்தது. அடுத்த மழைக்குப் பச்சை கட்டியபோது எங்களில் சிலர் சந்தோஷப்பட்டோம் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். கிட்டப் போய்ப் பார்த்தால் எல்லாம் கருவேலங்கன்று. விரல் நீளத்தில் இருக்கும்போது கையாலேயே பிடுங்கிவிடலாம். ஒரு வருஷம் விட்டால் கடப்பாரை வேண்டும். மூன்று வருஷம் விட்டால் மறுபடியும் பொக்லைன்தான்.

இரண்டாவது தடவை ஒரு திட்டத்தில் மரக்கன்று நட்டார்கள். நட்டது பங்குனி மாதம். தண்ணீர் ஊற்ற ஆளும் இல்லை, அடைப்பும் இல்லை. ஐப்பசியில் போய் எண்ணிப் பார்த்தோம். ஊன்றிய குச்சிகள் பெரும்பாலும் அப்படியே நின்றன. கன்று பதினொன்றுதான் மிச்சம். காய்ந்துபோன ஒன்றைப் பிடித்து இழுத்தால் வேர் வெளியே வராத பிளாஸ்டிக் பையோடு கையில் வந்தது. பையைக் கிழிக்காமலே குழியில் வைத்திருக்கிறார்கள். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மறுபடியும் கன்று கொடுத்து அனுப்பிவிட வேண்டாம் என்று கேட்பதற்காகத்தான்.

கருவேலத்தை ஏலம் விடும் முறையையும் இங்கே சொல்ல வேண்டும். ஏலம் எடுத்தவர் தரை மட்டத்தில் வெட்டி விறகை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார். தூர் மண்ணிலேயே நிற்கிறது. ஒரு மழை பெய்ததும் அந்தத் தூரிலிருந்து ஐந்தாறு கிளை வெடிக்கிறது. முன்பு ஒற்றை மரமாக இருந்தது இப்போது புதராகிவிடுகிறது. சில வருஷத்தில் திரும்ப ஏலம். கணக்குக்கு இது வருமானம்தான், ஆனால் நிலம் திருந்துவதற்கு வழியே இல்லை. ஏல நிபந்தனையில் 'தூரோடு' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பது எங்கள் எண்ணம். எங்கள் பகுதியில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. தூர்க்கட்டைக் கரிக்கு நல்ல கிராக்கி என்பது அவர்களுக்குத் தெரியும். தூரைத் தோண்டி எடுப்பவருக்கே அந்தத் தூர் சொந்தம் என்று விட்டால், தோண்டும் கூலியை அரசு தனியாகத் தேட வேண்டியதில்லை. தை மாதம் மண் காய்வதற்குள் ஆரம்பித்தால் தூர் லேசாக வரும். ஒரே மூச்சில் 60 ஏக்கரையும் வழித்தெடுத்தால் கரிக்காரர்களின் பிழைப்பும் ஒரே நாளில் போய்விடும்; மண்ணும் வெறுமையாகிக் காற்றில் பறக்கும். ஆகவே வருஷத்துக்கு 20 ஏக்கர் போதும்.

அடுத்தது தண்ணீர். எங்களுக்கு ஆழ்துளைக் கிணறு வேண்டாம். இந்தப் பக்கம் போர் போட்டால் பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான் வருகிறது. அதைப் பாய்ச்சினால் இருக்கிற மண்ணும் கெடும். மாவட்டத்தில் வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஏறக்குறைய 4,000 லிட்டர். அப்படியானால் ஏக்கருக்கு 32 லட்சம் லிட்டர், 60 ஏக்கருக்கு 19 கோடி லிட்டருக்கு மேல். இதை முதலில் கணக்குப் போட்டுச் சொன்னபோது ஊரில் யாரும் நம்பவில்லை. இவ்வளவும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டி, இறுகிப்போன மண்ணின் மேல் வழிந்து ஓடைக்குப் போய்விடுகிறது.

நிலத்தின் வடமேற்கு மூலையில் தூர்ந்துபோன ஊரணி ஒன்று இருக்கிறது. அதன் பள்ளத்தில் மட்டும் மாசி வரைக்கும் ஈரம் காயாது. அந்த ஓரத்தில் நாலு பனையும் ஒரு குடைவேலமும் நிற்கின்றன. அறுபது ஏக்கரில் நிழல் என்று ஒதுங்க அந்த ஒரு இடம்தான். வெயில் ஏறியதும் ஆடுகள் அத்தனையும் அந்தக் குடைவேலத்தடியில் போய் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். தண்ணீர் நின்றால் இந்த மண்ணில் என்ன வளரும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எங்களிடம் இல்லை. ஆகவே ஊரணியைத் தூர்வாரி, சரிவுக்குக் குறுக்கே மண் வரப்புகளும் மரக்குழியைச் சுற்றிப் பிறை வடிவ வரப்புகளும் போட வேண்டும். ஊரக வேலைத் திட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஆவணிக்குள் முடிய வேண்டும். மழைக்குப் பிறகு போடும் வரப்பு அடுத்த வருஷத்துக்குத்தான் உதவும்.

வரப்புப் போட்ட இடத்தில் முதலில் புல். புரட்டாசியில் கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசால் என்ற தீவனப் பயிரும் விதைக்கலாம். இரண்டும் வறட்சி தாங்கும். கருவேலங்கன்று தலைதூக்குவதற்குள் மண்ணை மூடும். அப்புறம் மரம்: வேம்பு, புங்கம், வாகை, இலந்தை, கொடுக்காப்புளி, எல்லை நெடுகப் பனை. பனை பலன் தரப் பல வருஷம் ஆகும், அது பேரப்பிள்ளைகளுக்கு. புல் அடுத்த வருஷமே ஆட்டுக்கு.

இதெல்லாம் இந்த மண்ணில் நடக்குமா என்று கேட்டால், நடந்திருக்கிறது. இதே கமுதி வட்டாரத்தில் பஞ்சாபிலிருந்து வந்து நிலம் வாங்கிய விவசாயிகள் கருவேலத்தை வேரோடு எடுத்துவிட்டு மா, கொய்யா, நெல்லி என்று தோப்பு வைத்திருக்கிறார்கள். உள்ளூரில் பிறந்த எங்களுக்கு இது கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் கையில் பட்டா இருக்கிறது. நட்ட மரத்தின் காய் தனக்குத்தான் என்று தெரிந்தவர் பத்து வருஷம் காத்திருப்பார். புறம்போக்கில் நடுபவருக்கு அந்த உறுதி எங்கே இருக்கிறது? தண்ணீர் ஊற்றுவது ஒருத்தர், நாளைக்கு ஏலம் எடுப்பது வேறொருத்தர். இந்த மனுவில் நாங்கள் முக்கியமாகக் கேட்பது இதைத்தான். அரசுப் புறம்போக்கில் உள்ள மரங்களின் பலனை அனுபவிப்பதற்குக் கொடுக்கப்படும் 2சி பட்டாவை, வளர்த்துப் பார்த்துக்கொள்ளும் ஆடு வளர்ப்போர் குழுவுக்கும் மகளிர் குழுவுக்கும் வழங்க வேண்டும். நிலம் அரசுடையதாகவே இருக்கட்டும். அதை நாங்கள் கேட்கவில்லை.

ஊரில் எல்லோரும் ஒரே மனதாக இல்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆடு வைத்திருப்பவர்கள்தான் முதலில் எதிர்த்தார்கள். 'அடைத்துப் போட்டால் ஆட்டை எங்கே ஓட்டுவது?' என்று கிராம சபையில் சத்தமே வந்தது. மூன்றில் ஒரு பங்கை மட்டும் இரண்டு மழைக்காலத்துக்கு அடைப்பது, அதற்குள் புல்லை அறுத்து எடுத்துப்போக அவர்களுக்கே முன்னுரிமை கொடுப்பது என்று பேசிய பிறகுதான் கைநாட்டு வைத்தார்கள். சுத்தம் செய்த நிலத்தில் ஆடுகளை இரவில் அடைத்துக் கிடை போட்டு எரு சேர்க்கலாம் என்று ஒரு யோசனையும் வந்தது. கூட்டத்தில் இருந்த கீதாரி (கிடை ஆடு மேய்ப்பவர்) ஒருவர்தான் அதைத் தடுத்தார். நெற்றுத் தின்ற ஆட்டைக் கிடை போட்டால் எருவோடு கருவேல விதையும் இறங்கும் என்றார். படித்த எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை.

கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்த பிறகு, எங்கள் தரிசையும் அப்படி யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. சூரிய மின்சாரத்துக்கு நாங்கள் எதிரி இல்லை. ஆனால் மேய்க்கால் புறம்போக்கு ஊர்ப் பொது. கிராமப் பொது நிலங்களைப் பாதுகாக்க வேண்டும் என்று 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அப்படி ஒரு யோசனை வந்தால் கிராம சபையில் வைக்காமல் முடிவெடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஆகவே, நிலத்தை அளந்து எல்லைக்கல் நடவும், ஏல நிபந்தனையைத் திருத்தவும், வரப்பு மற்றும் ஊரணி வேலையை ஆவணிக்குள் முடிக்கவும், 2சி பட்டா வழங்கவும் சம்பந்தப்பட்ட அலுவலர்களுக்கு உத்தரவிட வேண்டுகிறோம். முதலில் 20 ஏக்கரில் அனுமதி கொடுத்தாலும் போதும். அதில் நாங்கள் பராமரிக்கத் தவறினால் மீதி நிலத்தைப் பற்றிக் கேட்க மாட்டோம்.

தாங்களோ தங்கள் சார்பில் ஓர் அலுவலரோ ஒரு தடவை நேரில் வந்து பார்க்க வேண்டும். வருவதாக இருந்தால் காலை ஒன்பது மணிக்குள் வந்தால் நல்லது. அதற்கு மேல் குடைவேலத்தடியில் ஆடுகளோடுதான் நிற்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊர்ப் பொதுமக்கள் மற்றும் ஆடு வளர்ப்போர்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் தனித்தாளில்)

இணைப்பு: கிராம சபைத் தீர்மான நகல், அ பதிவேடு நகல், புல வரைபடம், ஊரணியின் கார்த்திகை மற்றும் மாசி மாதப் புகைப்படங்கள்.