அந்தப் பெட்டியை வாங்காதை

அன்பின் தவம்,

கந்தோர்க் கணக்கு ஃபைலுகளைப் பத்திரமா வைக்க ஒரு நாஸ் பெட்டி வாங்கப்போறன் எண்டு எழுதியிருந்தாய். இண்டைக்கே பதில் போடாட்டில் நீ அந்தப் பெட்டிக்கு அட்வான்ஸ் குடுத்துப்போடுவாய் எண்ட பயத்திலைதான் அவசரமா எழுதுறன். இங்கை எல்லாரும் சுகம். மூத்தவளுக்குச் சோதினை முடிஞ்சுது. மாமியின்ரை முழங்கால் அப்பிடியேதான்.

கடைக்காரர் காட்டின ரெண்டு டிஸ்க் போடுற நாஸ், அதுதான் நெட்வேர்க்கிலை எல்லாரும் ஃபைல் வைக்கிற பெட்டி, கெட்ட சாமான் இல்லை. ஆனால் அவர் சொன்ன ‘ரெயிட் 1’, அதுதான் ஒரு டிஸ்க்கிலை எழுதுறதை மற்றதிலையும் அப்பிடியே எழுதுறது, பக்கப் இல்லை, மச்சான். ஒரு டிஸ்க் செத்தால் மற்றதிலை வேலை ஓடும், அவ்வளவுதான். கந்தோர்ப் பிள்ளையள் ஒரு ஃபோல்டரை அழிச்சால் ரெண்டிலையும் அழியும். ஃபைலைப் பூட்டிவைச்சுக் காசு கேக்கிற ரான்சம்வெயர் வைரஸ் வந்தால் ரெண்டிலையும் பூட்டும். ஐப்பசி இடி விழுந்தால் ரெண்டும் சோடியாப் போகும். ‘கூகுள் ட்ரைவிலை கிடக்குதுதானே’ எண்டு வேறை எழுதியிருக்கிறாய். சிங்க் பண்ணினால் இங்கை அழிச்சது அங்கையும் அழியும். குப்பைத்தொட்டியிலை 30 நாள் கிடக்கும், பிறகு இல்லை. கணக்குக் கந்தோரிலை ஒரு ஃபைல் காணேல்லை எண்டு வருசக் கணக்கு முடிக்கிற பங்குனிக் கடைசியிலைதானே தெரியவரும்?

குஞ்சன் எழுதித் தந்த ரோபோகொப்பி ஃபைலையும் (விண்டோஸிலை ஃபோல்டர் நகல் எடுக்கிற கட்டளை) திறந்து பார். அதிலை ‘மிர்’ (/MIR) எண்டு இருந்தால் உடனை எடுத்துவிடு. மூலத்திலை இல்லாததை நகலிலையும் துடைக்கிறதுதான் அதின்ரை வேலை. மூல ஃபோல்டர் ஒருநாள் வெறுமையாக் கிடந்தால் நகலும் வெறுமையாகும். குஞ்சனுக்கு நான் சொன்னதெண்டு சொல்லாதை, பேந்து மூண்டு மாசம் கதைக்கமாட்டான்.

நாஸ் காசிலை ஒரு பங்குக்கு 1 டெராபைட் வெளி ஹாட் டிஸ்க் ரெண்டு வாங்கு. எஸ்எஸ்டி வேண்டாம், கரண்ட் இல்லாமல் வருசக்கணக்காக் கிடந்தால் அதிலை இருக்கிறது மெல்ல மெல்ல அழியக்கூடும். ஒண்டு கந்தோரிலை, மற்றது கொக்குவில் வீட்டிலை. ஒவ்வொரு வெள்ளியும் மாத்து. பக்கப் முடிஞ்சவுடனை வயரைக் கழட்டி அலுமாரியிலை வைச்சுப் பூட்டு. குத்தினபடியே விட்ட டிஸ்க்கையும் ரான்சம்வெயர் பூட்டும். கழட்டினதை அதாலை தொட ஏலாது. வீட்டுக்குக் கொண்டுபோற டிஸ்க்கிலை ஊராற்றை கணக்கெல்லாம் இருக்கும், அதாலை டிஸ்க்கைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டுற பிட்லொக்கர் போடு. அதுக்கு விண்டோஸ் ப்ரோ வேணும். ஹோம் எண்டால் அதே வேலை செய்யிற வெராகிரிப்ட் எடு. பிட்லொக்கர் தாற 48 இலக்க மீட்புச் சாவியைக் கடதாசியிலை எழுதி வீட்டிலை வை, அதே கொம்பியூட்டருக்குள்ளை வைச்சுப்போட்டுத் தேடாதை.

இனி பக்கப் ஓடுற நேரம். கன மென்பொருள் இரவு ரெண்டு மணி மாதிரி நேரத்திலை ஓடட்டும் எண்டுதான் சொல்லும். பூட்டிக்கொண்டு போகேக்கை மெயின் சுவிச்சை நிப்பாட்டிற பழக்கம் உங்கடை கந்தோருக்கு உண்டே? அப்ப அந்த ரெண்டு மணி பக்கப் அந்த நேரத்துக்கு ஓடாது, ஒருத்தருக்கும் தெரியாமலும் போகலாம். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போற ஒரு மணிக்கு வை. பக்கப் எடுக்கிற வீம் ஏஜென்ட் எண்ட மென்பொருள் இலவசம். முதல் தரம் முழுக்க எடுக்கும், பிறகு மாறினதை மட்டும். நகல் எடுக்கேக்கை கரண்ட் போனால் அண்டைய நகல் அரைகுறை, அதாலை யூபிஎஸ் பற்றரியைப் பார்.

குவிக்புக்ஸ் கணக்கு மென்பொருளின்ரை ஃபைலைத் திறந்து வைச்சுக்கொண்டு சும்மா கொப்பி பண்ணாதை. எழுதிக்கொண்டிருக்கிற ஃபைலின்ரை நகல் பிறகு திறபடாமல் போகலாம். அதுக்குள்ளையே பக்கப் எடுக்கிற வசதி இருக்குது. ‘முழுச் சரிபார்ப்பு’ எண்டதைத் தெரிவு செய். நேரம் எடுக்கும், எடுக்கட்டும்.

கிளவுட்டும் வேணும், ஆனால் முழுசையும் ஏத்த நிக்காதை. அப்லோட் 10 எம்பிபிஎஸ் எண்டால் 200 ஜிபி ஏற 44 மணித்தியாலத்துக்கு மேலை, அதுவும் லைன் அறாமல் இருந்தால். கணக்கு ஃபைலும் இந்த வருச ஸ்கானும் போதும். பழைய பதிப்புகளை ஆறு மாசமாவது வைச்சிருக்கிற சேவையாப் பார்.

கொக்குவில் டிஸ்க்கை ‘பிறகு பாப்பம்’ எண்டு விடாதை. எல்லாத்தையும் ஒரே கட்டிடத்துக்குள்ளை வைச்சிருந்தால் என்ன நடக்கும் எண்டு எங்களுக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1981இலை யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சு 97,000 அளவு புத்தகமும் ஏட்டுச்சுவடியும் போச்சு. புத்தகத்திலை கனத்தைத் திரும்ப வாங்கலாம், வேறை பிரதி இல்லாத ஏட்டை எங்கை போய் வாங்கிறது?

மாசத்திலை ஒருக்கா, ஏதாவது ஒரு பழைய ஃபைலை அந்த டிஸ்க்கிலையிருந்து வேறை கொம்பியூட்டரிலை மீட்டெடுத்துத் திறந்து பார். பச்சைச் சரி அடையாளத்தை நம்பாதை. உள்ளை இருக்கிற மிச்சத்தொகை சரியோ எண்டு கணக்குத் தெரிஞ்ச ஆள் பாக்கோணும். அது உன்ரை வேலை, குஞ்சன்ரை இல்லை.

விண்டோஸ் ப்ரோவோ ஹோமோ, மொத்தம் எத்தினை ஜிபி எண்டு ரெண்டையும் எழுதி அனுப்பு. விண்டோஸ் பத்து எண்டால் ப்ரோ, ஹோம் எதெண்டாலும் முதலிலை அதை மாத்து. 2025 ஒக்டோபரோடை மைக்ரோசொஃப்ட் அதுக்கான வழமையான ஆதரவை நிப்பாட்டிட்டுது. வீம் செற்றிங்கை நான் ஃபோனிலை சொல்லித்தாறன், ஆனால் ஞாயிறு பின்னேரம் எடுக்காதை, மாமி வந்து நிப்பா.

அன்புடன்,
சிவா