வாடகைக்கு வீடு விடுவோருக்கு ஒரு திறந்த மடல்

ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம் முதல் தொண்டி வரை வீடு வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

"வடக்கத்திப் பயலுகளுக்கு வீடு கிடையாது" என்று எழுதாத சட்டம் ஒன்று நம் தெருக்களில் நடக்கிறது. ஏன் என்றால், "போன மாசம் சைக்கிள் காணாமப் போச்சுல்ல" என்கிறீர்கள். எடுத்தவன் யாரென்று இன்றுவரை தெரியாது.

1976-இல் ஹாமில்டன், கிஃபோர்ட் என்ற உளவியலாளர்கள் கற்பனையாக இரண்டு குழுக்களைப் பற்றிச் சிறு செய்திகளைப் படிக்கக் கொடுத்தார்கள். பெரிய குழுவைப் பற்றி 18 நல்லது, 8 கெட்டது. சிறிய குழுவைப் பற்றி 9 நல்லது, 4 கெட்டது. விகிதம் ஒன்றேதான். ஆனாலும் படித்தவர்கள் சிறிய குழுவின் கெட்டதைக் கூட்டித்தான் சொன்னார்கள். அபூர்வமாகத் தென்படும் ஆளும் அபூர்வமாக நடக்கும் தப்பும் சேர்ந்து வந்தால் மனசு அதை விடாது. நம்மூர்க்காரன் குடித்துவிட்டுச் சலம்பினால் அது அவன் குணம்; ஒடிசாக்காரன் சலம்பினால் ஒடிசாவுக்கே அந்தக் குணம்!

"தினமும் அவங்களோட பழகுறோமே" என்பீர்கள். மீன் கம்பெனியிலும் சித்தாள் வேலையிலும் ஏவுவது பழக்கமாகாது. சமமாக நின்று ஒரே காரியத்துக்காகச் சேர்ந்து உழைத்து, ஊர்ப் பெரியவர்களும் அதை ஆதரித்தால்தான் காழ்ப்பு குறையும் என்று ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-இலேயே எழுதிவிட்டார்.

நம் சனங்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் சந்தேகிக்கப்பட்டார்கள். மண்டபம் முகாம் எதற்காக இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் சனங்கள் அம்மையும் காலராவும் கொண்டுவருவார்கள் என்று பயந்து, இலங்கை அரசு அங்கேயே நிறுத்திச் சோதித்துத்தான் கப்பலேற்றியது. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப ஒப்பந்தம் போட்டார்கள். அந்தச் சனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1983-க்குப் பிறகு அதே முகாம் இலங்கை அகதிகளால் நிறைந்தது.

உங்கள் கவலை எல்லாமே பொய் என்று சொல்லமாட்டேன். ஓர் அறையில் பத்துப் பேர் தங்கினால் நம் வறண்ட சீமையில் தண்ணீருக்குச் சண்டை வரத்தான் செய்யும். அது தலைக்கணக்கால் வரும் சண்டை, சாதியாலோ மொழியாலோ அல்ல. எத்தனை பேர் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆதார் கேளுங்கள், வேலை பார்க்கும் இடத்தை விசாரியுங்கள், முன்பணம் வாங்குங்கள். நம்மூர்ப் பையனிடம் கேட்பதை மட்டும் கேளுங்கள். அவனிடம் வாங்காத 'தலைக்கு இவ்வளவு' வாடகையை இவர்களிடமும் வாங்காதீர்கள்.

அடுத்த ஊர்க் கூட்டத்தில் இந்தப் பேச்சு எடுக்கும்போது அவர்களில் இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். நிற்க வைக்காமல் நாற்காலி போடுங்கள். இந்தி தெரிந்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். சவுதியிலும் துபாயிலும் கற்றுக்கொண்டு வந்தவர்கள்.

இப்படிக்கு,
உங்களைப் போலவே ஒரு மாடியை வாடகைக்கு விட்டிருப்பவன்