படிப்பாதைச் சரிவுத் திருப்பணி: நிறைவு அறிக்கை

அன்புடையீர், வணக்கம். முருகன் அருளால், குன்னூர் மலையின் கிழக்குச் சரிவில் நம் கோயில் படிப்பாதையை ஒட்டி மண்ணைத் தாங்கி நின்ற சுவரில் 12 மீட்டர் விழுந்ததால் எடுத்த திருப்பணி ஐப்பசி மழைக்கு முன்பே நிறைவடைந்தது. தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. விழுந்த சுவரைவிடக் கனமாக ஒன்று எழுப்பாமல் வாய்க்காலுக்கும் குழாய்க்கும் ஏன் இவ்வளவு செலவு என்று உறுப்பினர்கள் பலர் கேட்டிருந்தார்கள். இந்த அறிக்கையின் பெரும்பகுதி அதற்கான பதில்.

விழுந்த பகுதியில் கல்லிலும் கலவையிலும் குறையில்லை. 3 மீட்டர் உயரச் சுவரில் பின்னால் தேங்கும் நீர் வெளியேற ஒரு துளைகூட இல்லை என்பதுதான் குறை. காய்ந்த மண் அந்த உயரத்தில் மீட்டர் நீளத்துக்குச் சுமார் 2.7 டன் தள்ளும். பின்னால் மேல்மட்டம் வரை நீர் தேங்கினால், நீர் மட்டுமே 4.5 டன் தள்ளும். நீரில் ஊறிய மண்ணின் பங்கையும் சேர்த்தால் 6 டன்னை நெருங்கிவிடும். சுவரைக் கனமாக்கி இதை எதிர்கொள்வதானால் செலவு எகிறும். நீரை வெளியே விட்டால் பாதிக்கு மேல் சுமை தானே இறங்கிவிடும்.

அந்த இடத்தில் மட்டும் விழுந்ததற்கும் காரணம் உண்டு. நம் சரிவைப் பக்கவாட்டில் பார்த்தால் உச்சி குவிந்திருக்கும், நடுவில் நேராக இறங்கும், அடியில் குழிந்து படியும். உச்சி ஏன் குவிகிறது என்பதை அமெரிக்க நிலவியலாளர் கில்பர்ட் 1909-லேயே விளக்கினார்: நனைந்து உப்பியும் காய்ந்து சுருங்கியும் மண் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் கீழே ஊர்கிறது, கீழே போகப் போக, மேலிருந்து வரும் மண்ணையும் சேர்த்துக் கடத்த வேண்டியிருப்பதால் சரிவு செங்குத்தாகிறது. அப்படி ஊர்ந்த மண் இரு முகடுகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் பல நூற்றாண்டுகளாகச் சேர்கிறது. மழைநீரும் அங்கேதான் கூடுகிறது. ஒட்டும் தன்மையற்ற மண் காய்ந்த நிலையில் 35 டிகிரிச் சரிவில் நிற்கும். தரைமட்டம் வரை நீர் ஊறிச் சரிவோடு கசிந்தால் 20 டிகிரியில்கூட நிற்காது. அதைவிடச் செங்குத்தான இடத்தில் மண்ணைத் தாங்குவது களிமண்ணும் வேரும்தான். 2009 நவம்பரில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட மண்சரிவுகளும் பெருமழையில் ஊறிய மண்ணால் நேர்ந்தவையே. நம் சுவரின் விழுந்த பகுதி அப்படி ஒரு பள்ளத்தின் வாயில் நின்றது.

எனவே அந்த 12 மீட்டரில் கொத்து வேலை வேண்டாம் என்று முடிவெடுத்துக் கம்பிவலைக் கூடைச் சுவர் (கேபியன்) கட்டினோம். 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரமுள்ள கூடைகள் 30. கீழ் இரண்டு வரிசையும் சரிவுக்குள் 2 மீட்டர் ஆழம் போகும்படி குறுக்காக, வரிசைக்கு 12. மேல் வரிசை நீளவாக்கில் 6. கருங்கல் 22 யூனிட் ஆனது. கல் 15 முதல் 25 செ.மீ. இருக்க வேண்டும், வலைக்கண்ணைவிடச் சிறியது நழுவி வெளியேறும். கையால்தான் அடுக்க வேண்டும். வண்டியிலிருந்து கொட்டி நிரப்பிய கூடை ஒரே மழையில் வயிறு பெருத்துவிடும். பின்புறம் நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்த பிறகே மண் நிரப்பினோம். இல்லையேல் நீரோடு நுண்மண்ணும் போய்ப் பின்னால் பொந்து விழும்.

மிச்சமுள்ள 28 மீட்டர் பழைய சுவரில் 75 மி.மீ. துளைகள் 37, இரண்டு வரிசை, ஒன்றரை மீட்டர் இடைவெளி, மேல் துளை கீழ் துளைகளுக்கு நடுவே வரும்படி. வெறும் துளை போட்டால் ஒரு மழைக்காலத்தில் அடைத்துக்கொள்ளும். ஆகவே பக்கமெல்லாம் ஓட்டையிட்ட பிவிசி குழாயைத் துணி சுற்றி, வெளிப்பக்கம் சாயும்படி செருகினோம்.

சுவருக்கு மேலே, சரிவில் இறங்கும் நீரை மறித்துத் திருப்ப 60 மீட்டர் நீர்தடுப்பு வாய்க்கால், 45 செ.மீ. அகலம், அதே ஆழம், வாட்டம் ஐம்பதுக்கு ஒன்று. இதற்கு முழுக்கப் பூச்சு கொடுத்ததை வீண்செலவு என்று சிலர் சொன்னார்கள். விரிசல் விட்ட வாய்க்கால், வாய்க்காலே இல்லாததைவிடக் கெட்டது: சரிவெங்கும் பரவிப் போகும் நீரை ஒரே இடத்தில் மண்ணுக்குள் இறக்கிவிடும். முடிவில் படிப்படியாக இறக்கி, வண்டல் தொட்டி வழியாகப் பாறை ஓடையில் சேர்த்திருக்கிறோம். தண்ணீர்த் தொட்டியின் வழிதல் குழாயும் இனி அங்கேதான் விழும்.

சரிவில் மூன்று வரிசை வெட்டிவேர், சமமட்டக் கோட்டில், 15 செ.மீ.க்கு ஒரு நாற்று, மொத்தம் 600. வரிசை சமமட்டத்திலிருந்து விலகினால் நீர் அதன் ஓரமாகவே ஓடி ஓடை வெட்டிவிடும்.

உழவாரப் பணிக்கு வரும் அடியார்களுக்கு ஒரு வேண்டுகோள். பிராகாரத்தில் புல்லைச் செதுக்குங்கள். சரிவில் செதுக்காதீர்கள், ஒரு சாண் விட்டு அறுங்கள். சரிவின் வெற்று மண்ணில் விழும் மழைத்துளி தெறிக்கவைக்கும் மண்ணில் கூடுதல் பங்கு எப்போதும் கீழ்ப்பக்கமே விழும். மேலே மரம் இருப்பதால் கவலையில்லை என்று நினைக்க வேண்டாம். இலையில் திரண்டு உயரத்திலிருந்து சொட்டும் துளி, சாதாரண மழைத்துளியைவிடப் பெரிது. காக்கிறது என்றால் அடியிலுள்ள புல்லும் சருகும்தான்.

பராமரிப்பு: புரட்டாசியில் எல்லாத் துளைகளையும் கம்பி விட்டுக் குத்திப் பார்க்க வேண்டும். பெருமழை ஒவ்வொன்றுக்கும் பிறகு வண்டல் தொட்டியை வார வேண்டும்; வாரிய மண்ணைச் சரிவின் மேல் கொட்டக் கூடாது, நந்தவனத்துக்குக் கொண்டுபோகலாம். துளையில் தெளிந்த நீர் வந்தால் நல்லது. மழை பெய்யும்போது வந்துகொண்டிருந்த நீர் திடீரென நின்றாலோ, கலங்கி வந்தாலோ, மேலே தரையில் பிறை வடிவில் வெடிப்பு கண்டாலோ படிப்பாதையை உடனே மூடிவிட்டு அலுவலகத்துக்குச் சொல்லவும். பூட்டும் சங்கிலியும் அடிப்படி மண்டபத்தில் உள்ளன; சாவி மடப்பள்ளியில்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்