பாலத்தில் வரப்போகும் பிள்ளைக்காக

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகனுக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை என்று படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் பெருநிலப் பக்கம் பிறையில் அறை எடுத்துக்கொண்டு தினமும் மோட்டார் சைக்கிளில் பினாங்குப் பாலத்தைக் கடந்து தீவுக்கு வேலைக்குப் போகப்போகிறான் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். "உங்கள் பக்கம் கோலாலம்பூர் அளவுக்கு மோசம் இல்லைதானே?" என்று கேட்டிருக்கிறாய். கூட்டம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். ஓட்டுகிறவர்களின் பழக்கம் இங்கேயும் அதேதான்.

பையன் நிதானமாக ஓட்டுவான், எனக்குத் தெரியும். அவனைச் சுற்றி ஓட்டுகிறவர்களை நினைத்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

விபத்து என்றாலே எல்லாரும் வேகத்தைச் சொல்வார்கள். வேகம் ஆபத்துதான், மறுக்கவில்லை. ஆனால் இத்தனை காலம் இந்தப் பாலத்தில் போய்வந்த எனக்கு அதைவிடப் பயம் தருகிறவன் வேறு ஆள். தான் என்ன செய்யப்போகிறான் என்பதைப் பக்கத்தில் வருகிறவனுக்குத் தெரிவிக்காமலே செய்துவிடுகிறவன். வேகமாக வருகிறவன் கண்ணாடியில் தெரிவான், ஒதுங்கி வழிவிட்டுவிடலாம். தெரிவிக்காமல் திரும்புகிறவனிடமிருந்து எப்படி ஒதுங்குவது?

காலையில் பிறையிலிருந்து தீவுப் பக்கம் வரும் வண்டிகளைப் பார். நெரிசலில் கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். பாலம் முடிந்து பாயான் லெப்பாஸுக்குப் பிரியும் இடத்தில், அதுவரை வலது தடத்தில் சும்மா வந்துகொண்டிருந்த ஒருவன், வரிசையில் நிற்க மனமில்லாமல் கடைசி நொடியில் வெள்ளைக் கோடுகள் மேலேயே ஏறி உள்ளே நுழைவான். சிக்னல் கிடையாது. பின்னால் வருகிற கார்க்காரன் பிரேக் அடித்துத் தப்பித்துக்கொள்வான். ஓரமாக வரும் மோட்டார்காரனுக்குத்தான் இடமே இருக்காது. உன் பையன் தினமும் பிரியப்போவதும் அதே இடத்தில்தான்.

சிக்னல் ஏன் போடுவதில்லை என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். சோம்பேறித்தனம் ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது. நம் ஊரில் சிக்னல் போட்டால் பின்னால் வருகிறவன் வழிவிட மாட்டான், உடனே எண்ணெயை அழுத்தி இடைவெளியை அடைத்துவிடுவான். நீயும் அனுபவித்திருப்பாய். இப்படிப் பலமுறை ஆனபிறகு, சொன்னால் இடம் கிடைக்காது, சொல்லாமல் நுழைந்தால்தான் கிடைக்கும் என்று நல்லவனும் பழகிவிடுகிறான். அதனால் இடைவெளியை அடைக்கிறவனையும் நான் சமமாகத்தான் குற்றம் சொல்வேன். அவன் ஒருவன் வழிவிட்டால் பத்துப் பேர் சிக்னல் போடப் பழகுவார்கள்.

அடுத்தது கைப்பேசி. பாலத்தில் அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது. ஒரு செய்தியைப் பார்க்க இரண்டு நொடி கண்ணை எடுத்தால் 44 மீட்டர் தூரத்தைக் குருட்டுத்தனமாகக் கடந்தாயிற்று. பிடிபட்டால் 300 வெள்ளி சம்மன் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் முன்னால் ஒரு கார் தடத்துக்குள்ளேயே இங்கும் அங்கும் சாய்ந்துகொண்டு போனால், அருகில் போய்ப் பார், மடியில் கைப்பேசி இருக்கும்.

பார்க்க முடிந்தால்தானே என்பாய். கறுப்புக் கண்ணாடி அப்படி. நாம் இரண்டு பேரும் மோட்டாரில் வேலைக்குப் போன காலத்தில் சந்திப்புக்கு வந்ததும் கார்க்காரன் முகத்தைத்தான் பார்ப்போம். அவன் கண் நம் மேல் பட்டுவிட்டது என்றால் தைரியமாகப் போவோம். இன்றைக்கு முகமே தெரிவதில்லை. 2019-இல் பின்பக்கக் கண்ணாடிகளுக்குக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள், சரி. முன்கண்ணாடியில் 70 விழுக்காடும் முன்கதவுக் கண்ணாடியில் 50 விழுக்காடும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்ற விதி அப்படியேதான் இருக்கிறது. மதிக்கிறவர்கள்தான் குறைவு. அதனால் பையனிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்: முகம் தெரியாத வண்டி தன்னைப் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளட்டும்.

மழைக்காலத்தைப் பற்றியும் எழுதியாக வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் இங்கே கொட்டித் தீர்க்கும். மழை வலுத்தவுடன் கார்க்காரர்கள் டபுள் சிக்னலைத் தட்டிவிட்டு ஓட்டுவார்கள். பாதுகாப்பு என்று நினைத்துத்தான் செய்கிறார்கள், கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் நான்கு விளக்கும் மின்னிக்கொண்டிருந்தால் அந்த வண்டி நிற்கிறதா, போகிறதா, இடம் மாறப்போகிறதா, எதுவுமே பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. டபுள் சிக்னல் பழுதாகி நிற்கும் வண்டிக்கு. மழையில் முன்விளக்கைப் போட்டு வேகத்தைக் குறைத்தால் போதும். இதே மழையில் மோட்டார்காரர்கள் மேம்பாலத்துக்கு அடியில் சாலையிலேயே கூட்டமாக ஒதுங்கி நிற்பதும் உனக்குத் தெரிந்ததுதான். வெளிச்சம் குறைந்த இடத்தில், கண்ணாடி மங்கிய லாரிக்காரனுக்கு அவர்கள் தெரியவே மாட்டார்கள். பையன் மழைக்கோட்டை எப்போதும் இருக்கைக்கு அடியில் வைத்திருக்கட்டும். ஒதுங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பெட்ரோல் எண்ணெய்க் கடையிலோ, கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட ஐந்தடி நடைபாதையிலோ ஒதுங்கட்டும்.

நாட்டில் ஆண்டுக்கு ஆறாயிரம் பேருக்கு மேல் சாலையில் சாகிறார்கள். அதில் 100-க்கு 60 பேருக்கு மேல் மோட்டாரில் போனவர்கள். இதைப் படித்துவிட்டு, மோட்டார்காரன் ஒழுங்காக ஓட்டாததால்தான் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சாலையில் மோட்டார் பந்தயம் விடும் மாட் ரெம்பிட் கும்பலைப் பற்றி அப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்வேன். தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துத் தூக்கக் கலக்கத்தோடு வீடு திரும்புகிற பிள்ளைகளும் அந்தக் கணக்கில்தானே இருக்கிறார்கள்? அவர்களைச் சுற்றி இரும்பு இல்லை, அதுதான் வித்தியாசம்.

எல்லாவற்றையும்விட எனக்கு ரத்தம் கொதிப்பது அவசரத் தடத்தில் ஓட்டுகிறவர்களைப் பார்க்கும்போது. தீபாவளி, பெருநாள் விடுமுறையில் நெடுஞ்சாலை ஊர்ந்துகொண்டிருக்கும்போது, குடும்பத்தோடு, குழந்தைகளோடு, அந்த ஓரத் தடத்தில் வரிசையாகப் பறப்பார்கள். அது ஆம்புலன்ஸுக்கான வழி. பழுதாகி நிற்கும் வண்டியில் டயர் மாற்றிக்கொண்டிருப்பவனுக்கு இருக்கும் ஒரே இடம். மற்ற பழக்கங்களுக்காவது கவனக்குறைவு என்று சமாதானம் சொல்லலாம். இது தெரிந்தே செய்வது.

2025 ஜூனில் பேராக்கில் கெரிக் அருகே பேருந்து கவிழ்ந்து 15 பல்கலைக்கழக மாணவர்கள் இறந்துபோனபோது நாம் பேசினோமே. அடுத்த மாதமே விரைவுப் பேருந்துகளில் இருக்கைப் பட்டி கட்டாயம் என்றார்கள். நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு விதிக்கும் இத்தனை பிள்ளைகளைக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று அன்றைக்கு நீ சொன்னது இன்னும் மனதில் இருக்கிறது.

சரி, இனி நடைமுறைக்கு வருகிறேன். 2019-லிருந்து பினாங்கின் இரண்டு பாலத்திலும் மோட்டாருக்கு டோல் இல்லை, அந்தச் செலவு மிச்சம். அவன் வரப்போகும் முதல் பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர், பெரும்பகுதி கடல் மேலே. பக்கக்காற்று திடீரென்று தள்ளும். லாரி தாண்டிப் போகும்போது இன்னும் மோசம். லாரிக்கு இணையாக ஒரு நொடிகூட ஓட்ட வேண்டாம் என்று சொல். நேரம் இருக்கும் நாளில் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு வரலாம். ஜார்ஜ் டவுனில் இறங்கிக் கடலோரச் சாலையில் தெற்கே போக வேண்டும், கொஞ்சம் சுற்றுதான்.

முதல் சில வாரம் அவன் எங்கள் வீட்டிலேயே தங்கட்டும். அறை இருக்கிறது, உன் தங்கச்சியும் அதையேதான் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் குறைவாக இருக்கும்போது நான் காரில் பின்னாலேயே வருகிறேன், அவன் வழியைப் பழகிக்கொள்ளலாம். பிறகு பிறைக்கு மாறுவதைப் பற்றிப் பேசிக்கொள்வோம்.

கோலாலம்பூரிலிருந்து மோட்டாரை ஓட்டிக்கொண்டே வர விடாதே, லாரியில் ஏற்றி அனுப்பு. அனுப்பும் முன் பின் டயரையும் பின் விளக்கையும் புதிதாக மாற்றிவிடு, செலவைப் பார்க்காதே. அவன் எந்தத் தேதியில் வருகிறான் என்று உடனே எழுது.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்