உன் காலைத் தள்ளாடவொட்டார்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். அங்கே பனி விழுகிறது என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது மனசைவிட்டுப் போகவில்லை. "ஒரு வருஷத்தில வேதாகமத்த முடிக்கிற திட்டம்மா. லேவியராகமம் வந்துட்டேன். ஆனா மூடி வச்சதும் என்ன வாசிச்சேன்னு எனக்கே தெரியல. ஜெபிக்க உக்காந்தா ஆஸ்பத்திரி வார்டு ஞாபகம்தான் வருது" என்றாய். நான் பதில் சொல்வதற்குள் டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

1189 அதிகாரத்தை 365 நாளுக்குப் பங்குபோட்டால் தினம் மூன்று அதிகாரம், சில நாள் நாலு. அப்படி வாசிப்பதை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். முழு வேதத்தையும் ஒரு தரமாவது கடந்து போகாதவர்களுக்கு எந்த வசனம் எங்கே நிற்கிறது என்றே தெரியாது. ஆனால் அது வழி நடக்கிற வேலை. தங்கிச் சாப்பிடுகிற வேலை வேறே. அதைத்தான் நீ செய்யவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

உன் ஆச்சிக்கு எழுத்து தெரியாது, உனக்குத் தெரியும். கையெழுத்துப் போடுகிற இடத்தில் பெருவிரல்தான் வைப்பாள். அவளுக்கு வேதம் என்றால் கோயிலில் கேட்டதும், நான் பள்ளிக்கூடம் போனபின்பு ராத்திரி விளக்கடியில் வாசித்துக் காட்டியதும்தான். அதில் ஒரு வசனம் பிடித்துவிட்டால் விடமாட்டாள். 121-ஆம் சங்கீதம் அப்படித்தான் அவளிடம் மாட்டியது.

தாத்தா விடியுமுன்னே பனையேறப் போவார். காலில் தளைநாரை மாட்டி, மரத்தைக் கட்டிப்பிடித்து ஏற ஆரம்பித்தால், ஆச்சி கீழே குடத்தோடு நின்று அண்ணாந்து பார்ப்பாள். உதடு அசைந்துகொண்டே இருக்கும். "உன் காலைத் தள்ளாடவொட்டார்... உன் காலைத் தள்ளாடவொட்டார்..." கர்த்தர் உன் காலைத் தடுமாற விடமாட்டார் என்கிற வசனம். தாத்தா இறங்கித் தரையில் கால் வைக்கிறவரைக்கும் அதேதான். அடுத்த மரம், மறுபடியும் அதே வசனம். ஒரு நாளைக்கு 30, 40 மரம். பிறகு விடிலியில், அந்த ஓலைக்குடிசையில், பதநீர் காய்ச்ச உட்காருவாள். காய்ந்த ஓலையையும் பன்னாடையையும் அடுப்புக்குள் தள்ளித் தள்ளிக் கிளறிக்கொண்டே இருப்பாள். நுரை பொங்கினால் ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவாள், அடங்கும். அது சுண்டிக் கூப்பனி என்கிற கெட்டிப் பாகாகி, பதம் வந்து, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி ஆகிறதற்குள் உச்சிவெயில் வந்துவிடும். அத்தனை நேரமும் வாய் அந்த வசனத்தைவிட்டு நீங்காது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அது பாட்டா, புலம்பலா என்று தெரியாது.

அதைத் தியானம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. தியானம் என்றால் கண்ணை மூடி, வாயை மூடி, சம்மணம் போட்டு உட்காருவது என்றிருந்தேன். டீச்சராகிப் பல வருஷம் கழித்துப் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் போதகர் ஐயர் முதலாம் சங்கீதத்தைப் படிப்பித்தார். "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன்" என்கிற இடத்தில் எபிரெய பாஷையில் இருக்கிற வார்த்தை 'ஹாகா' என்றார். வாய்க்குள் முணுமுணுப்பது, உறுமுவது, முனகுவது என்று அதற்கு அர்த்தமாம். ஏசாயா 31-ல் சிங்கம் பிடித்த இரைமேல் நின்று உறுமுகிறதற்கும் அதே வார்த்தை. 38-ல் எசேக்கியா ராஜா வியாதியிலிருந்து எழும்பி, "புறாவைப்போல் புலம்பினேன்" என்கிறதற்கும் அதே வார்த்தை. யோசுவாவுக்குக் கர்த்தர் சொன்னதைப் பார், இந்தப் புஸ்தகம் உன் "வாயைவிட்டுப் பிரியாதிருப்பதாக" என்றுதான் ஆரம்பிக்கிறார். கண்ணைவிட்டு என்று சொல்லவில்லை. அன்றைக்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நான் அழுதேன். எழுத்தறியாத என் அம்மா அடுப்படியில் செய்ததற்கு வேதத்திலேயே பேர் இருந்திருக்கிறது.

இன்னொன்றும் அப்புறந்தான் கவனித்தேன். 121-க்கு மேலே 'ஆரோகண சங்கீதம்' என்று போட்டிருக்கும். எருசலேமுக்கு மலையேறிப் போகிறவர்கள் பாடினது. ஏறுகிறவனுக்காகப் பாடினதை ஏறுகிறவனுக்காகவே ஆச்சி சொல்லியிருக்கிறாள், தலைப்பு தெரியாமலே.

ஆனால் 1974-ல் தாத்தா விழுந்தார். நீ பிறக்கிறதற்கு ரொம்ப முன்னால். தளைநார் அறுந்ததோ, கால் வழுக்கியதோ, பாதி மரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப்பிறகு அவர் ஒரு மரமும் ஏறவில்லை. எனக்கு அப்போது 11 வயசு. கோபத்தில் ஆச்சியிடம் கேட்டேன்: "தள்ளாடவொட்டார்னு தினமும் சொன்னியே, ஏம்மா விழுந்தாங்க?" அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். "எனக்கும் தெரியல மக்கா" என்றாள், அவ்வளவுதான். கொஞ்ச நாள் அவள் வாயில் வசனமே இல்லை. நான் ராத்திரி வாசித்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பிறகு ஒரு நடுராத்திரி நான் முழித்துப் பார்த்தேன். தாத்தா வலியில் அரற்றுகிறார். ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கிறாள். உதடு அசைகிறது. அதே சங்கீதந்தான், ஆனால் அடுத்த துண்டுக்குப் போயிருந்தாள். "உன்னைக் காக்கிறவர் உறங்கார். உன்னைக் காக்கிறவர் உறங்கார்." நான் முழித்திருப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நானும் உறங்கல, அவரும் உறங்கல. ரெண்டு பேரா இருக்கோம்."

என் கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒரு வசனம் ஒரு மனுஷியைக் கைப்பிடித்து அடுத்த வசனத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதைக் கண்ணால் கண்டேன். அந்த எட்டு வசனத்தில் காக்கிறவர், காப்பார் என்று ஆறு தரம் வருகிறது. எண்ணிப் பார். வேகமாய் வாசித்துப் போயிருந்தால் ஆச்சிக்கு ஒன்றுகூடக் கிடைத்திருக்காது.

ஜெபத்தில் மனசு ஓடுகிறது என்றாயே, அதற்கும் ஒன்று சொல்கிறேன். இங்கிலாந்தில் பிரிஸ்டல் ஊரில் அநாதைப் பிள்ளைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லர், 1841-ல் இதைப்பற்றி எழுதி வைத்திருக்கிறார். பத்து வருஷமாக எழும்பினதும் முதலில் ஜெபம் என்று வைத்திருந்தாராம். மனசு அலையும், அரைமணி நேரங்கூட அப்படியே போய்விடும் என்கிறார். பிறகு மாற்றிக்கொண்டார். முதலில் வசனத்தை எடுத்துத் தியானிப்பது, அது தானாக நன்றியாகவோ பாவ அறிக்கையாகவோ மற்றவர்களுக்கான விண்ணப்பமாகவோ திரும்பும்போது அப்படியே ஜெபிப்பது. அவருக்கே மனசு ஓடியது என்றால் நீ ஏன் கலங்குகிறாய்? நீயும் வசனத்திலிருந்து ஆரம்பி. வார்டு ஞாபகம் வந்தால் விரட்டாதே, அந்த நோயாளியையும் வசனத்துக்குள் கூட்டிக்கொண்டு வா.

ஒரு ஜாக்கிரதை மட்டும். வருஷப்பிறப்பு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையை எனக்குப் படம் எடுத்து அனுப்பியிருந்தாய், எரேமியா 29:11. உங்களைக்குறித்து நான் நினைப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்கிற நல்ல வசனம். ஆனால் அட்டையில் 11 மட்டுந்தான் இருக்கிறது, 10-ஐ வெட்டிவிட்டார்கள். அதில் பாபிலோனிலே 70 வருஷம் என்று போட்டிருக்கிறது! பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டு, உடனே வீடு திரும்பலாம் என்று காத்திருந்தவர்களுக்கு எழுதினது அது. வசனத்தை அதன் வீட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து முணுமுணுத்தால், நம் ஆசையைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருப்போம். முதலில் அந்த அதிகாரம் முழுவதையும் நிதானமாய் வாசி. அதுவே தூரதேசத்தில் இருக்கிறவர்களுக்கு வந்த கடிதம் மகளே. வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், நீங்கள் போயிருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்று இருக்கிறது. நீ இருக்கிற ஊருக்காக, அந்த வார்டுக்காக, உன்னைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாத அந்த மேலதிகாரிக்காக, நீ ஜெபித்திருக்கிறாயா? எனக்கே இதை வாசித்தபிறகுதான் உறைத்தது. உன்னைத் திரும்பக் கூட்டிவரும்படி ஜெபித்தேனே தவிர, நீ இருக்கிற ஊருக்காக ஒருநாளும் ஜெபிக்கவில்லை. இப்போது செய்கிறேன்.

தமிழிலேயே எடு. ஆங்கிலத்தில் வாசிப்பது தப்பில்லை, ஆனால் நீ பயந்தால் 'அம்மா' என்றுதானே கத்துவாய், அந்தப் பாஷையில் இருக்கட்டும். ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனரி சீகன்பால்கு ஐயர் பழைய ஏற்பாட்டில் ரூத் புஸ்தகம் வரைக்கும் தமிழாக்கி, 1719-ல் 36 வயசிலேயே தரங்கம்பாடியில் கண்ணை மூடினார். சங்கீதத்துக்கு அவர் வந்து சேரவேயில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் முடித்து, திருத்தி, இன்னும் திருத்தி, அது எழுத்தறியாத உன் ஆச்சியின் வாய்க்கு வந்து சேர்ந்தது. ஒரு வாரத்துக்கு ஒரு வசனம் போதும். ஒவ்வொரு வார்த்தையாய் அழுத்திச் சொல்லிப் பார். கை கழுவும்போது சொல்லு, லிஃப்டுக்கு நிற்கும்போது சொல்லு. நாலு நாள் ஒன்றும் தோன்றாது. தோன்றாவிட்டால் போகட்டும், நிறுத்தாதே. பதநீர் எப்போது திரளும் என்று ஆச்சி ஒருநாளும் அவசரப்பட்டுப் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டு அக்கா மகன் அடுத்த மாசம் அங்கே வருகிறான். இரண்டு கிலோ கருப்பட்டி கொடுத்துவிடுகிறேன், ஈரம் படாமல் வை.

இங்கே விடியக்காலம் நாலரைக்கு நான் எழும்பும்போது உனக்கு ராத்திரி பதினொன்று, வார்டில் விளக்கைக் குறைத்திருப்பார்கள். நான் ஆச்சி சொன்ன வசனத்தைத்தான் அந்நேரம் சொல்லிக்கொண்டிருப்பேன். நீ எதை எடுத்திருக்கிறாய் என்று மெசேஜில் அனுப்பாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு வாயால் சொல்லு, எனக்குக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா